தளியில் ஒரு சிநேகம்

தமிழ் நாட்டின் படத்தை விரித்து வைத்துக் கொண்டு அதன் வடமேற்கு மூலையில் விரலை வையுங்கள். ஒசூர் என்று போட்டிருக்கும். அங்கிருந்து தென்மேற்காகச் சுமார் 25 கிலோமீட்டர் விரலை நகர்த்தினால் தளி என்னும் ஊர் வரும். இன்னும் சிறிது நகர்த்தினால் விரல் கர்நாடகத்துக்குள் போய்விடும்! தமிழ் நாடு முடிகிற இடம் என்று சிலர் சொல்வார்கள். அந்தப் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு அதுதான் தமிழ் நாடு ஆரம்பமாகிற இடம்.

தளி என்றால் பழந்தமிழில் கோயில் என்று பொருள். ஆனால் இந்த ஊரின் பெயரைக் கேட்டதும் அக்கம்பக்கத்தார் கோயிலை நினைப்பதில்லை, குளிரை நினைக்கிறார்கள். ஏறக்குறைய 3,000 அடி உயரத்தில் இருப்பதால் இங்கே சித்திரை மாதத்து மாலையிலும் காற்றில் ஓர் இதம் உண்டு. வெள்ளைக்காரர் காலத்தில் இதற்குச் 'சின்ன இங்கிலாந்து' என்று பெயர் வைத்தார்கள். தங்களுக்குப் பிடித்த இடத்தையெல்லாம் தங்கள் தேசத்தின் பெயரால் அழைப்பது அவர்களுடைய வழக்கம். இங்கிலாந்துக்காரர் போய்விட்டார்கள், பெயர் மட்டும் சுற்றுலாக்காரர்களின் வாயில் தங்கிவிட்டது.

தளிக்கு ரயில் கிடையாது. ஒசூரில் இறங்கி மத்திகிரி, மதகொண்டப்பள்ளி வழியாகப் பஸ்ஸில் போக வேண்டும். மத்திகிரியில் பெரிய கால்நடைப் பண்ணை இருக்கிறது. கம்பெனியார் காலத்தில் பட்டாளத்துக் குதிரைகளுக்காக ஏற்பட்டது அது. அதைத் தாண்டிப் போனால் இருபுறமும் ராகிக் கொல்லைகள், அவரைப் பந்தல்கள், தக்காளித் தோட்டங்கள். தொலைவில் ஜவளகிரிக் காட்டின் நீல விளிம்பு. மழைக்காலம் முடிந்து ராகிக் கதிர் முற்றும் சமயத்தில், பன்னேர்கட்டாக் காட்டிலிருந்து யானைக் கூட்டங்கள் இந்த வழியாகத்தான் வருகின்றன. அவைகளுக்கு மாகாண எல்லை தெரியாது. ராகியின் வாசனைதான் தெரியும். 2014-ஆம் ஆண்டில் இந்தக் காடுகளைக் காவேரி வடக்கு வனவிலங்குச் சரணாலயமாக அரசாங்கத்தார் அறிவித்திருக்கிறார்கள்.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததுமே நமக்கு ஒரு வேடிக்கை புலப்படும். முன் ஆசனத்தில் கன்னடம்; பக்கத்தில் தெலுங்கு; பின்னால் தமிழ்; கண்டக்டர் மூன்றிலும் சில்லறை கேட்கிறார். கடைத்தெருவில் நின்றால் உருதுவும் காதில் விழும். 1956-ஆம் ஆண்டில் பாஷைவாரியாக ராஜ்யங்களைப் பிரித்தபோது ஒசூர்ப் பக்கம் தமிழ் நாட்டோடு நின்றது. ஆனால் வீடுகளுக்குள்ளே எந்தக் கமிஷன் போய்க் கோடு கிழிக்க முடியும்? தாயாரிடம் கன்னடமும், பள்ளிக்கூடத்தில் தமிழும், சந்தையில் தெலுங்குமாக இங்கே குழந்தைகள் வளர்கிறார்கள். இந்தச் சீமையைச் சேர்ந்த தொரப்பள்ளிக் கிராமத்தில்தான் 1878-ஆம் ஆண்டில் ராஜாஜி பிறந்தார். சுதந்திர பாரதத்தின் கவர்னர் ஜெனரலாக வீற்றிருந்த ஒரே இந்தியரை இந்த மூலைதான் தேசத்துக்குத் தந்தது என்பதை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

*

இப்படிப்பட்ட ஊரில் யார் உள்ளூர்க்காரர், யார் வெளியூர்க்காரர் என்று கேட்டால் பதில் சொல்வது கடினம். மனிதர்களை விட்டுவிடுவோம், தட்டில் இருப்பதையே பார்ப்போம். தளியில் ராகிக் களி இல்லாத வீடு இல்லை. இந்த மண்ணிலேயே முளைத்து, இந்த மண்ணுக்கே உரிய தானியம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். தாவர சாஸ்திரிகளைக் கேட்டால், ராகியின் பிறந்தகம் கிழக்கு ஆப்பிரிக்கா என்கிறார்கள். எத்தியோப்பியா, உகாண்டா ஆகிய தேசங்களின் மேட்டு நிலங்களில் யாரோ ஆப்பிரிக்கக் குடியானவர்கள் காட்டுப் புல்லைப் பழக்கிப் பயிராக்கியதுதான் ராகி. சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அது கடல் கடந்து இந்தியாவுக்கு வந்தது. இன்று அந்த அயலூர்த் தானியத்தைத் தின்று வளர்ந்தவர்கள், "இவன் எந்த ஊர்க்காரன்?" என்று அடுத்தவனைக் கேட்கிறார்கள்!

தக்காளியும் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. இப்போது தளிச் சாலையின் இருமருங்கிலும் காண்கிற ரோஜாப் பண்ணைகளோ நேற்று வந்தவை. வெள்ளைப் பிளாஸ்டிக் கூரை வேய்ந்த நீண்ட நீண்ட குடில்கள். 'பாலி ஹவுஸ்' என்பது எல்லோருக்கும் பழகிவிட்ட பெயர். உள்ளே நுழைந்தால் இடுப்பளவு, மார்பளவு உயரத்துக்கு ரோஜாச் செடிகள் வரிசை பிடித்து நிற்கின்றன. மொட்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு வலைக் குல்லாய் போட்டிருக்கிறார்கள். விடியற்காலையில் வெட்டி, வாளித் தண்ணீரில் நிறுத்தி, காம்பின் நீளத்தைப் பார்த்துத் தரம் பிரித்து, இருபது இருபதாகக் கட்டிக் குளிர் அறையில் வைக்கிறார்கள். பிப்ரவரி 14-ஆம் தேதி நெருங்கும்போது இந்தக் கட்டுகள் ஆகாய விமானம் ஏறிப் பல தேசங்களுக்குப் போகின்றன. ஒரு பூவையும் தலையில் வைத்துக் கொள்ளாத கைகள் அவ்வளவு பூவையும் கட்டி அனுப்புகின்றன.

அந்தக் கைகளில் பல, வெகு தூரத்திலிருந்து வந்தவை. ஒசூரில் 1970-களில் தொழிற்பேட்டை ஏற்பட்டது முதல் நாலா திசையிலிருந்தும் ஜனங்கள் வேலை தேடி வருகிறார்கள். அண்மையில் செல்போன் உதிரிப் பாகங்கள் செய்யும் பெரிய ஆலைக்கு ஜார்க்கண்டிலிருந்து ஆதிவாசிப் பெண்கள் கூட்டமாக வந்தார்கள். கட்டிட வேலைக்கும் கல் வேலைக்கும் பூப்பண்ணைக்கும் பீகார், ஒடிசா, அஸ்ஸாம் முதலிய ராஜ்யங்களிலிருந்து வாலிபர்கள் வருகிறார்கள். இவ்வளவு பேருக்கும் உள்ளூரில் ஒரே பெயர்தான்: 'இந்திக்காரன்'.

*

நாங்கள் போயிருந்த பூப்பண்ணையின் வாசலில் ஒரு புளியமரம் இருந்தது. பள்ளிக்கூடம் விட்டதும் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி அங்கே வந்து உட்கார்ந்து கொள்வாள். அவளுடைய தாயார் உள்ளே பூத் தரம் பிரிக்கிறாள். ஐந்து மணிக்குத் தாயார் வெளியே வரும் வரையில் குழந்தைக்கு அந்தப் புளியமரத்தடிதான் வீடு. பண்ணையில் மருந்தடிக்கும் வேலை செய்கிற ஒடிசா வாலிபன் ஒருவனுக்கும் அந்த நேரத்தில் சற்று ஓய்வு. அவனுக்கு இருபது, இருபத்திரண்டு வயதிருக்கும். முகத்தில் துணி சுற்றியிருந்த அடையாளம் மாறாமல், கண் மட்டும் தெளிவாக, வேலியோரத்தில் குந்தி இருப்பான்.

சிநேகம் எப்படி ஆரம்பித்தது என்று சிறுமியைக் கேட்டோம். "அண்ணாவுக்கு ராகி தெரியும்" என்றாள். அவள் தூக்கில் கொண்டு வந்த களியைக் கண்டு அவன், "மாண்டியா!" என்றானாம். ஒடிசாவில் ராகிக்கு அதுதான் பெயர். அவனுடைய ஊர் ராயகடா ஜில்லாவில் ஒரு மலைக் கிராமம். அந்த மலைகளிலும் ராகிதான் பிரதான ஆகாரம். ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வந்தவன், முதல் முதலாகத் தெரிந்த முகத்தைத் தளியில் ஒரு குழந்தையின் தூக்குப் பாத்திரத்துக்குள்ளே கண்டான்.

அப்புறம் நடந்ததுதான் விசேஷம். அவனுடைய ஊர்க்காரன் இன்னொருவனும் அந்தப் பண்ணையில் இருக்கிறான். இரண்டு பேரும் தங்களுக்குள் பேசிக் கொண்டிருந்ததைச் சிறுமி ஒரு நாள் கவனித்துக் கேட்டாள். 'நானு' என்றான் ஒருவன். 'நீனு' என்றான் மற்றவன். சிறுமிக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏனென்றால் அவள் வீட்டுக் கன்னடத்திலும் 'நான்' என்பதற்கு 'நானு'தான். 'நீ' என்பதற்கு 'நீனு'தான். ஓடிப் போய்த் தாயாரிடம், "அம்மா, அந்த அண்ணா நம்ம பாஷை பேசறார்!" என்று சொன்னாள்.

"சும்மா இரு. அவன் இந்திக்காரன்" என்றாள் தாயார்.

இந்த வழக்கில் தாயார் சொன்னது தப்பு; குழந்தை சொன்னதே சரி! அந்த வாலிபன் கோந்த் என்னும் ஆதிகுடியைச் சேர்ந்தவன். அவனுடைய தாய்மொழி குவி. அது ஹிந்தியும் அல்ல, ஒடியாவும் அல்ல. தமிழ், கன்னடம், தெலுங்கு, மலையாளம் எந்தக் குடும்பமோ, அதே திராவிடக் குடும்பத்தைச் சேர்ந்த மொழி. 1856-ஆம் ஆண்டில் கால்டுவெல் துரை தம்முடைய ஒப்பிலக்கண நூலை வெளியிட்டபோதே கோந்துகளின் பேச்சையும் இந்தக் குடும்பத்தில் சேர்த்துச் சொல்லியிருக்கிறார். பெரிய பண்டிதர்கள் புத்தகங்களைப் புரட்டிக் கண்ட உறவை, தளியில் ஒரு எட்டு வயதுக் குழந்தை புளியமரத்தடியில் காதால் கண்டுபிடித்துவிட்டது. ஊரார் அயலான் என்று ஒதுக்கியவன், பாஷையின் வழியாகப் பார்த்தால் ஒன்றுவிட்ட அண்ணன்!

அது முதல் தினமும் பாடம் நடந்தது. அவள் மூக்கைத் தொட்டால் அவன் தன் ஊர்ச் சொல்லைச் சொல்வான். அவன் பல்லைக் காட்டினால் அவள் தமிழிலும் கன்னடத்திலும் சொல்வாள். அவன் பிளாஸ்டிக் நாடாவில் கிளி முடைந்து கொடுத்தான். அவள் தமிழ் எழுத்தில் அவன் பெயரை எழுதிக் காட்டினாள். தன் பெயரைத் தமிழ் எழுத்தில் பார்த்தது அதுவே முதல் தடவை என்று அவன் எங்களிடம் சொன்னான். அந்தக் காகிதத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தும் காட்டினான்.

*

இதில் என்ன தொல்லை என்று நேயர்கள் கேட்கலாம். தொல்லை, சிறுமியின் பாட்டியிடமிருந்து வந்தது. "ஊர் பேர் தெரியாதவன் குழந்தையிடம் என்ன பேச்சு? பிள்ளை பிடிக்கிறவர்கள் இப்படித்தான் பழகுவார்கள்" என்று அஜ்ஜி சொன்னாள். டீக்கடையிலும் அதே பேச்சு எழுந்தது. செல்போனில் யாரோ அனுப்பிய படத்தை யாரோ காட்டினார்கள். பண்ணை மேஸ்திரி நல்லவர்; அதனாலேயே பயந்துவிட்டார். "குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுக்காதே, பக்கத்தில் உட்காராதே" என்று வாலிபனுக்கு உத்தரவிட்டார். நாங்கள் பார்த்தபோது சிறுமி மரத்தடியிலும், அவன் இருபது அடி தள்ளி வேலிக்கு உள்ளேயும் இருந்தார்கள். பாடம் மட்டும் நிற்கவில்லை, இரைந்து நடந்தது.

மேஸ்திரியை நாம் பரிகாசம் செய்வதற்கில்லை. 2018-ஆம் வருஷம் மே மாதம் 9-ஆம் தேதி திருவண்ணாமலை ஜில்லா போளூருக்கு அருகே அத்திமூரில் நடந்தது அவருக்குத் தெரியும். சென்னையைச் சேர்ந்த அறுபத்தைந்து வயது மூதாட்டி ஒருவர், மலேயாவிலிருந்து வந்திருந்த உறவினர்களுடன் குலதெய்வத்தைத் தரிசிக்கக் காரில் போனார். வழி கேட்பதற்காக நிறுத்திய இடத்தில் குழந்தைகளைக் கண்டார். பாட்டிமார் யாரும் செய்கிறதைத்தான் செய்தார்: சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்கிற கூட்டம் என்று சந்தேகம் பரவியது. ஊரார் துரத்திப் பிடித்து அடித்ததில் அந்த அம்மையார் உயிர் துறந்தார். கூட வந்தவர்கள் படுகாயமடைந்தார்கள். தமிழ் பேசிய, தமிழ்ப் புடவை கட்டிய, தமிழ்த் தெய்வத்தைத் தேடி வந்த மூதாட்டி! அவருக்கே அந்தக் கதி என்றால், ராயகடாவிலிருந்து வந்த வாலிபனுக்கு என்ன ரட்சை?

அதே வருஷம் ஜூலை முதல் தேதி மகாராஷ்டிரத்தில் துலியா ஜில்லா ரெயின்பாடா கிராமத்தில், யாசித்து வாழும் நாடோடிகள் ஐந்து பேரை இதே சந்தேகத்தின் பேரில் கொன்றார்கள். இரண்டு வாரங்களுக்குள் கர்நாடகத்துப் பீதரில், பள்ளிக் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்த சிநேகிதர்கள் தாக்கப்பட்டு, ஒருவர் இறந்தார். வதந்தி பரவிய செல்போன் செய்திச் சேவையின் கம்பெனியார் அதன் பிறகு, ஒரு செய்தியை ஒரே சமயத்தில் ஐந்து பேருக்கு மேல் திருப்பி அனுப்ப முடியாதபடி இந்தியாவில் கட்டுப்படுத்தினார்கள். செய்திக்குத் தடை போட்டார்கள். பயத்துக்கு யார் தடை போடுவது?

வதந்தி ஒரு பக்கமாக மட்டும் வெட்டுகிற கத்தி அல்ல. 2023-ஆம் வருஷம் மார்ச் மாதத்தில், தமிழ் நாட்டில் வடநாட்டுத் தொழிலாளர்களை அடித்துக் கொல்லுகிறார்கள் என்று பொய்ப் படங்கள் வடக்கே பரவின. வேறு எங்கோ, வேறு எதற்கோ நடந்த சண்டைகளின் படங்கள் அவை. தமிழ் நாட்டுப் போலீஸார் மறுத்தார்கள். பீகார் அரசாங்கம் அதிகாரிகளை அனுப்பி விசாரித்தது. அதற்குள் எத்தனையோ பேர் மூட்டையைக் கட்டிக் கொண்டு ரயில் ஏறிவிட்டார்கள். நம்முடைய ரோஜா வாலிபனின் தாயாரும் அப்போது அழுது டெலிபோன் செய்தாளாம், "மகனே, அவர்கள் கொன்று விடுவார்கள், வந்துவிடு" என்று. இங்கே ஓர் அஜ்ஜிக்கு அவன் பூச்சாண்டி. அங்கே ஒரு தாய்க்கு நாமெல்லோரும் பூச்சாண்டிகள்.

தளி வட்டாரத்துக்கு உண்மையான பயம் என்றால் என்ன என்று தெரியும். பக்கத்திலுள்ள கும்மளாபுரத்தில் முன்னொரு காலத்தில் ஆட்கொல்லிச் சிறுத்தை ஒன்று திரிந்தது. நாற்பத்திரண்டு பேரைக் கொன்றது என்று வேட்டைக்காரர் கென்னத் ஆண்டர்ஸன் 1954-இல் வெளியான தம் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். பொழுது சாய்ந்ததும் கதவைச் சாத்தினார்கள். குழந்தைகளை வெளியே விடவில்லை. அது நியாயமான பயம். சிறுத்தைக்குக் காலடி உண்டு, தடயம் உண்டு, செத்ததும் பயமும் செத்தது. வதந்திக்குக் காலடி இல்லை. ஆகையால் அது யார் மேல் வேண்டுமானாலும் பாய்கிறது. ஒருவரைக் கொன்ற பிறகும் உயிரோடு இருக்கிறது.

*

இந்தப் பயம் எங்கே விதைக்கப்படுகிறது? நம்முடைய வீட்டுச் சமையலறையில்தான். "சாப்பிடாவிட்டால் பிள்ளை பிடிக்கிறவனிடம் கொடுத்து விடுவேன்" என்று நாம் ஊட்டுகிற ஒவ்வொரு கவளத்தோடும் அதையும் ஊட்டுகிறோம். வங்காளத்திலும் அப்படித்தான். கவி ரவீந்திரநாத் தாகூர் 1892-இல் எழுதிய 'காபூலிவாலா' கதையில், ஐந்து வயது மினி அந்தப் பட்டாணியனைக் கண்டு முதலில் ஓடி ஒளிகிறாள். அவன் மூட்டையில் குழந்தைகள் இருப்பதாக அவளுக்கு எண்ணம். பிறகு அவர்களுக்குள் இணைபிரியாத சிநேகம் உண்டாகிறது. அவன் மார்போடு வைத்திருந்தது, தூர தேசத்தில் விட்டு வந்த தன் சொந்த மகளின் கைச்சுவடு பதிந்த காகிதம் என்பது கதையின் முடிவில்தான் தெரிகிறது. ஒடிசா வாலிபனுடைய சட்டைப் பையிலிருந்த காகிதத்தைப் பார்த்தபோது எங்களுக்கு அந்தக் கதை நினைவு வந்ததில் ஆச்சரியமில்லை.

நம் திருநெல்வேலிச் சீமையிலும் ஒன்று நடந்தது. ஆமி கார்மைக்கேல் என்ற ஐரிஷ் பாதிரிப் பெண்மணியை ஊரார் 'பிள்ளை பிடிக்கிற அம்மாள்' என்று சொல்லிப் பயமுறுத்தி வந்தார்கள். கோயிலுக்குப் பொட்டுக் கட்ட விடப்பட்டிருந்த ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி அதைக் கேட்டாள். 'நம்மையும் பிடித்துக் கொண்டால் நல்லதாயிற்றே!' என்று நினைத்து, 1901-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் தானாகவே அவரிடம் போய்ச் சேர்ந்தாள். மதமாற்ற விஷயத்தில் நமக்கு அந்த அம்மையாருடன் அபிப்பிராய பேதம் இருக்கலாம். ஆனால் பெரியவர்கள் பூச்சாண்டி என்று காட்டிய இடத்தில் குழந்தை தஞ்சத்தைக் கண்டது என்பதை மறுப்பதற்கில்லை.

அப்படியானால் குழந்தைகளை யாருடனும் பழக விட்டுவிடலாமா? கூடாது. குழந்தைகளுக்குத் தீங்கு செய்கிறவர்கள் உலகத்தில் இருக்கத்தான் இருக்கிறார்கள். ஆனால் அவர்களில் பெரும்பாலோர் குழந்தைக்கு முன்பே தெரிந்தவர்கள் என்பதை அரசாங்கத்தின் குற்றப் பதிவேடுகள் ஆண்டுதோறும் காட்டி வருகின்றன. ஆகவே முகத்தையும் பாஷையையும் பார்த்துப் பயப்படச் சொல்லிக் கொடுப்பது பாதுகாப்பே ஆகாது. செய்கையைப் பார்க்கச் சொல்லிக் கொடுக்க வேண்டும். 'யாருக்கும் சொல்லாதே' என்று சொல்பவன் சொந்தக்காரனானாலும் வந்து சொல். சொல்லாமல் எவருடனும் எங்கும் போகாதே. பலர் பார்க்கிற இடத்தில் பழகு. இவ்வளவுதான் பாடம். சந்தேகம் வலுத்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி டெலிபோன் எண் இருக்கிறது. போலீஸ் ஸ்டேஷன் இருக்கிறது. கல்லை எடுக்க வேண்டிய அவசியம் எந்த ஊருக்கும் கிடையாது.

அந்தச் சிறுமியின் சிநேகம் இந்தப் பாடத்துக்குச் சிறிதும் மாறானதல்ல. பட்டப்பகலில், பண்ணை வாசலில், தாயாரின் கண்ணுக்கு எட்டிய இடத்தில் நடந்த சிநேகம் அது. அதற்கு வேண்டியிருந்தது இருபது அடி இடைவெளி அல்ல. அஜ்ஜியும் வந்து அந்த மரத்தடியில் ஒரு நாழிகை உட்கார்ந்திருந்தால் போதும். அஜ்ஜிக்குக் கன்னடம் தெரியும். 'நானு', 'நீனு' என்று அவன் சொல்வதைக் கேட்டிருந்தால், அவளே அவனுக்கு ஒரு களி உருண்டையை எடுத்து வைத்திருப்பாள் என்பதே எங்கள் அபிப்பிராயம்.

இந்தத் தேசத்தை ஒன்றாக்க எத்தனையோ மகாநாடுகள் கூட்டினோம். எத்தனையோ தீர்மானங்கள் நிறைவேற்றினோம். ரயிலும் பஸ்ஸும் வயிற்றுப் பாடும் இப்போது அந்த வேலையைச் சத்தமில்லாமல் செய்து வருகின்றன. மலைக் கிராமத்துக் கோந்தனையும் தளிக் குழந்தையையும் ஒரே புளியமரத்தடியில் கொண்டு வந்து உட்கார்த்தி வைத்திருக்கின்றன. மிச்ச வேலை நம் வீடுகளில் நடக்க வேண்டும். அடுத்த முறை குழந்தை சாப்பிட அடம் பிடிக்கும்போது, பிள்ளை பிடிக்கிறவனைக் கூப்பிடாதீர்கள். அந்த ராகி ஆப்பிரிக்காவில் யார் கொல்லையில் முளைத்தது, எந்தக் கடலைத் தாண்டி வந்தது, ஒடிசாவில் அதற்கு என்ன பெயர் என்று கதை சொல்லுங்கள். கதை முடிவதற்குள் கிண்ணம் காலியாகிவிடும்.